தொழில்: காலண்டர்

லே,

நேற்று வெள்ளிக்கிழமை. எதிர்வீட்டில் மாவிளக்கு ஏற்றியிருந்தார்கள். பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் உருட்டி, நடுவில் குழித்து, நெய்யும் திரியும் போட்டு ஏற்றினால், அணைகிற நேரத்தில் மாவின் ஓரம் கருகி ஒரு வாசனை வரும். அது தெருவைத் தாண்டி என் நாற்காலிவரை வந்துவிட்டது. பின்னாலேயே அந்த வீட்டு அம்மாளும் தட்டோடு வந்தார். "அண்ணாச்சி, சாமி பிரசாதம். சுகரு அது இதுன்னு சொல்லாம எடுத்துக்கோங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நேரே அடுப்படிக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, ஒரு சிட்டிகை கிள்ளித் தீயில் போட்டேன். மஞ்சளாக எரிந்தது. இன்னொரு சிட்டிகை. அதுவும் மஞ்சள்தான். அப்புறம்தான் மிச்சத்தை வாயில் போட்டேன். பின்னால் என் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். "சாமி பிரசாதத்தைத் தீயில போட்டுப் பாக்கீகளே, நல்லாருப்பீகளா?" என்றாள். ஆறு வருடமாக அவள் கேட்கிற கேள்வி இது. ஆறு வருடமாக நான் ஏதாவது கோமாளித்தனமாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். உண்மையான பதில் உனக்குச் சொல்ல வேண்டியது. நீ இருக்கும்போது சொல்லாமல், போய் ஏழு மாதம் கழித்துச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். எதிலும் தாமதம்தானே நான்? பத்தாம் வகுப்பையே மூன்று வருடம் படித்தவன்.

அந்த மூன்றில் முதல் வருடம் நீ என் பக்கத்தில் இருந்தாய். தவளையை அறுத்துக் காட்டியபோது நீ குனிந்து பார்த்தாய். நான் மயங்கி விழுந்தேன். வாத்தியார் தவளையை விட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் தெளித்தார். அன்றைக்கே நம் ஜாதகம் எழுதியாகிவிட்டது. நீ டாக்டர் ஆனாய். நான் நீ வேலை பார்த்த விருதுநகர் ஆஸ்பத்திரியில், உன் சிபாரிசில், வருகிறவர்களின் பெயர், வயது, ஊர், தொழில் எழுதுகிற கிளார்க் ஆனேன். ஆள் இருந்தால் உன்னை "டாக்டர்" என்பேன். கதவு சாத்தினால் "லே". நீயும் ஆள் இருந்தால் என்னை "சார்" என்பாய். அந்த "சார்" கேட்கத்தான் நான் அடிக்கடி ஆளோடு உன் அறைக்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியுமா?

எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. சிவகாசிக் கம்பெனி ஒன்றின் தினசரிக் காலண்டருக்கு, தேதித்தாளின் முதுகில் போட வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து சிரிப்புத் துணுக்கு எழுதிக் கொடுத்தேன். நீ ஒரு வருடக் காலண்டரை முழுதாகக் கிழித்துப் படித்துவிட்டு, "அஞ்சு துணுக்குக்குச் சிரிப்பு வந்துச்சு. மிச்ச முந்நூத்து அறுபதும் வெறும் தேதிதாம்லே" என்றாய். இந்த ஊரிலேயே நான் எழுதியதை முழுதாகப் படித்த ஒரே ஆள் நீதான். அச்சுக்கோத்தவன்கூடப் படித்ததில்லை.

அந்தக் கம்பெனி எனக்குக் கொடுத்த மெத்தை அட்டை டைரி ஒன்றை உனக்குக் கொடுத்தேன். அதில் நீ விசித்திரமான கேஸ்களை மட்டும் எழுதி வைத்தாய். காரியாபட்டிச் சம்சாரி ஒருவருக்கு மூன்று வாரம் விடாத விக்கல். எத்தனையோ ஊசி போட்டும் நிற்கவில்லை. நீ கடைசியில் டார்ச்சை வாங்கி அவர் காதுக்குள் பார்த்தாய். முடி வெட்டியபோது விழுந்த ஒரு துண்டு மயிர், செவிப்பறையை உரசிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்ததும் விக்கல் நின்றது. "அம்புட்டுத்தானா? இதுக்கா எங்க ஆத்தா எனக்குக் குறி கேக்கப் போனா?" என்று அவர் ஏமாந்துபோனார். அப்புறம் ஒரு பலசரக்குக் கடைக்காரர். ரத்தமே இல்லாமல் வெளுத்து வந்தார். சட்டைப்பையில் எப்போதும் விபூதிப் பொட்டலம். பக்திமான் என்று வார்டே கும்பிட்டது. நீதான் அவர் நெற்றியைப் பார்த்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்னாய். நெற்றியில் ஒன்றுமில்லை, நாக்கெல்லாம் சாம்பல். மனுஷன் வாரத்துக்கு ஒரு கிலோ விபூதி தின்றுகொண்டிருந்தார். இரும்புச்சத்து இல்லாதவர்களுக்கு இப்படி மண்ணும் சாம்பலும் தின்னத் தோன்றும் என்று நீ சொன்னாய். நான் அதை வைத்து ஒரு துணுக்கு எழுதினேன். அது அந்த ஐந்தில் இல்லை.

"வினோத வியாதின்னு ஒண்ணு கிடையாதுலே. நாம கேக்காத கேள்விதான் இருக்கு" என்பாய். அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய். நீ கேட்கிற கேள்விக்குப் பக்கத்தில் நின்று பொய்ப் பதில் சொல்கிற ஆள் ஒருவன் இருப்பான் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

என் மேஜையில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டல்லவா? அதில் நான் என்ன எழுதினேன் என்பதைத்தான் இப்போது சொல்கிறேன். நம் ஜில்லாவில் லைசென்ஸ் உள்ள கம்பெனிக்கு வேனில் ஏறிப் போகிறவர்கள் தைரியமாகப் பட்டாசு என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஆர்டர் எடுத்துத் திருட்டுத்தனமாகச் செய்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எந்த ஊர், எந்த இடம் என்று கேள்வி வரும்; கேள்விக்குப் பின்னால் போலீஸ் வரும். அவர்கள் மேஜைமேல் குனிந்து, "அண்ணாச்சி, காலண்டர்னு போட்டுருங்க" என்பார்கள். நான் கண்ணைச் சிமிட்டிவிட்டு 'காலண்டர்' என்று போடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. இந்த ஏழைபாழைகளை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. "நம்ம கட்டத்தைப் பாத்தா இந்த ஜில்லாவே காலண்டர்தான் அடிக்குது. உலகத்துக்கு வருஷத்துக்கு எழுநூறு நாள் தேவைப்படும்" என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொள்வேன். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் வந்தவர்களுக்கு அந்தப் பொய்யால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அல்லது வந்தது எனக்குத் தெரியவில்லை.

சோலையம்மாளை உனக்கு நினைவிருக்கும். எம். புதுப்பட்டிப் பக்கம். முப்பத்து நான்கு வயது. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு மறுநாள் காலையில், லோடு ஆட்டோவில் பாயோடு சுருட்டிக் கொண்டுவந்தார்கள். கையும் காலும் துணி மாதிரித் தொங்கின. கண் மட்டும் நம் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது. கூட அவள் மாமியாரும் புருஷன் முனியசாமியும். "ராத்திரி பூரா வாந்தி, பேதி. விடிஞ்சா எந்திரிக்க முடியல. காத்துக்கருப்பு அடிச்சிருச்சு அய்யா" என்று மாமியார் அழுதாள். ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நீ சொட்டுச் சொட்டாக ஏற்றினாய். மறுநாள் சாயங்காலம் அவள் எழுந்து நின்றாள். மூன்றாம் நாள் தன் பாயைத் தானே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போனாள். வார்டே வேடிக்கை பார்த்தது.

உனக்குத் தூக்கம் போயிற்று. தைராய்டு பார்த்தாய், சிறுநீரகம் பார்த்தாய், எல்லாம் சரியாக இருந்தது. "ஏன் எறங்குச்சு?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாய்.

அவள் வார்டில் இருக்கும்போதே அவளிடமும் கேட்டாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மொதநாள் என்னம்மா சாப்பிட்ட?"

"வெரதம்யா. ஒண்ணும் சாப்பிடல."

"பச்சைத்தண்ணி?"

"அது குடிச்சேன்."

அப்புறம் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாய். "லே, உனக்குத் தெரியாத வீடு இந்தப் பக்கத்துல கிடையாது. அந்தப் பொண்ணு பட்டாசு வேலையா?"

அவ்வளவுதான் கேட்டாய். காரணம் சொல்லவில்லை. நீ காரணம் சொல்லிக் கேட்கிற ஆள் இல்லை. முதல்நாள்தான் முனியசாமி, காலண்டர் என்று போடச் சொல்லி என் கையைப் பிடித்திருந்தான். அவன் வீட்டுக் கொட்டகையில் வாணத்துக்குள் போடுகிற பச்சை வெளிச்ச உருண்டை உருட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊரில் எவன் எதை உருட்டுகிறான் என்று தெரிந்து வைத்திருப்பதுதானே என் பிழைப்பு? கை கால் விழுவதற்கும் பட்டாசுக்கும் என்ன சம்பந்தம், வெடித்தால் அல்லவா சம்பந்தம் என்று நினைத்தேன். அதுவும் ஒரு கணம்தான் நினைத்தேன். "காலண்டர்தாம்லே. தகரப்பட்டி அடிக்கா. நம்ம கம்பெனிச் சரக்கே அவ கைபட்டுத்தான் வருது" என்று கூடுதலாக ஒரு முழம் விட்டேன். பொய்க்குப் பூச்சூட்டாமல் விட எனக்கு வராது.

"சரி" என்று போனாய்.

ஆவணியில் மறுபடி வந்தாள். அதுவும் சனிக்கிழமை காலை. அதே பாய், அதே கண்கள். இந்தத் தடவை கொஞ்சம் மோசம். எழுந்து நிற்க மூன்று நாள் ஆயிற்று. போகும்போது உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என் மேஜைக்கு வந்தவள், "அண்ணாச்சி, உங்க காலண்டரைத்தான் எங்க வீட்டுல மாட்டிருக்கோம். அந்தப் பின்பக்கத்துச் சிரிப்பை எம்மவன் வாசிச்சுக் காட்டுவான். ஒண்ணும் வெளங்காது, ஆனா சிரிப்பேன்" என்றாள். எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே அதுதான் நேர்மையானது.

புரட்டாசியில் மூன்றாவது தடவை. தீபாவளி சீசன் உச்சம். அன்றைக்கும் சனிக்கிழமை. ஆட்டோக்காரன் லோடு இறக்கிவிட்டுத்தான் வந்தான். அவளை நம் வாசலில் இறக்கியபோது கண்கூட அசையவில்லை. மூச்சு விடுகிற தசையும் விழுந்துவிட்டது. நீ குழாய் போட்டு, உன் கையாலேயே பலூனை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தாய். சிஸ்டர் மாற்றிக்கொள்ளக் கை நீட்டினாள், கொடுக்கவில்லை. பதினொன்றரை மணிக்கு நீ கையை எடுத்தாய். மாமியார் தரையில் உட்கார்ந்து, "ஆத்தாளுக்கு என்னடி கொற வச்சோம்? நீ எந்திரிக்கணும்னு மாவெளக்குப் போட்டோமே, ஒவ்வொரு தடவையும் மாவெளக்குப் போட்டோமே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். இரண்டு பேருக்கும் அது ஒப்பாரியாகத்தான் கேட்டது.

பதினாறாம் நாள் முனியசாமி கூப்பிட்டிருந்தான். விசேஷ வீட்டுச் சாப்பாடு என்றால் என் கால் தானாக நடக்கும். இது துக்க வீடு, ஆனாலும் நடந்தது. கொல்லையில் விறகடுப்பு. மாமியார் வந்தவர்களுக்குப் பணியாரம் சுட அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சலித்து முடித்த சல்லடையை அடுப்புத் திண்டில் தட்டினாள். தூசு தீயில் விழுந்தது.

தீ பச்சையாக எழுந்தது.

ஒரு சாண் உயரம். கிளிப்பச்சை. ஒரு நொடிதான் இருந்தது. நம் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்த நிறத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். கோயில் கொடைக்கு வானத்தில் பூக்கிற பச்சை அது.

"ஆத்தா, இது மாவுச் சல்லடைதான?"

"மாவுக்கும் அதான், மருந்துக்கும் அதான்யா. கொட்டகைச் சல்லடை சீசன் ஆரம்பத்துலயே கிழிஞ்சுபோச்சு. வேற வாங்க எங்க நேரம்? சோலைதான் பச்சை உப்பைச் சலிப்பா. சலிச்சுட்டு நல்லாத் துணிய வச்சுத் துடைச்சுத்தான் வைப்பா. சுத்தக்காரி. தண்ணி பட்டா மருந்து கெட்ரும்னு கழுவ மட்டும் மாட்டா."

"வெரதத்தன்னைக்கு அவ ஒண்ணுமே சாப்பிட மாட்டாளா?"

"சோறு தண்ணி தொட மாட்டா. வெளக்கு அணைஞ்சு மலையேறுனதும் அந்த மாவை மட்டும் திம்பா. எங்களுக்கு ஒரு கிள்ளு. மிச்சம் பூரா நேந்துக்கிட்டவதான திங்கணும்?"

பிரசாதத்தை யாராவது சாப்பாடு என்று சொல்வார்களா? அவள் உன்னிடம் பொய் சொல்லவில்லை, லே. ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் அவள் மனப்பூர்வமாக நம்பினாள். ஆடி வெள்ளி மாவிளக்கைத் தின்று முதல் தடவை விழுந்தாள். எழுந்ததற்கு நேர்த்திக்கடனாக மாவிளக்குப் போட்டாள். அதைத் தின்று மறுபடி விழுந்தாள். பிழைத்ததற்கு மறுபடி மாவிளக்கு. ஆர்டர் கூடக்கூடச் சல்லடையில் உப்பும் கூடிற்று. நோய் தீர அவள் தின்றதே நோய். இதை நான் அந்தக் கிழவியிடம் எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு தடவையும் மாவு பிசைந்து கொடுத்தது அவள் கைதான்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பொய் சொன்னேன். "துஷ்டி விழுந்த வீட்டுல பழைய சல்லடை ஆகாது ஆத்தா, பெரிய குத்தம்" என்று சல்லடையைப் பிடுங்கி மிதித்து உடைத்தேன். சலித்த மாவைக் குழி தோண்டிக் கொட்டவைத்தேன். மறுநாளே இரண்டு சல்லடை வாங்கிக்கொண்டு போய், ஒன்றில் மஞ்சள் துணி கட்டி, "இது சாமி சல்லடை. மாவைத் தவிர வேற எது பட்டாலும் ஆத்தா பொறுக்க மாட்டா" என்று ஆணையிட்டேன். என் வாயிலிருந்து வந்த முந்நூறு வகைப் பொய்களில் உருப்படியானது அது ஒன்றுதான். கேட்டால் சிரிப்பாய்: அந்தப் பக்கத்து ஊர்களில் இப்போது சாவு வீட்டில் சல்லடையை உடைப்பது ஒரு சடங்காகிவிட்டது. பாட்டன் காலத்துப் பழக்கம் என்று என்னிடமே ஒருத்தர் விளக்கினார்.

அந்தப் பதினாறாம் நாளன்றே அங்கிருந்து நேராக உன் அறைக்குத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். நீ அவள் கேஸ் தாள்களை மேஜைமேல் பரப்பி வைத்திருந்தாய். நிமிர்ந்து பார்க்காமலே பேசினாய்.

"மூணு தடவை என் கைக்குள்ள வந்தா, லே. எழுப்பி எழுப்பி அனுப்புனேன். என்னமோ ஒண்ணை நான் கேக்கல."

வாயைத் திறந்தேன். முனியசாமிக்கு ஜெயில், இரண்டு பிள்ளைகள், என் வேலை, என் கையெழுத்தில் அந்தக் கட்டம், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெளியே வந்தது வேறு. "நீ கேக்காத கேள்வியா? உன்னை மிஞ்சுன ஆள் இந்த ஊருல என் பொண்டாட்டி ஒருத்திதாம்லே."

நீ சிரித்தாய். என் மனம் நோகக்கூடாதென்று சிரித்தாய். முந்நூற்று அறுபது வெறும் தேதிகளுக்குச் சிரிக்காதவன், அன்றைக்கு அதற்குப் போய்ச் சிரித்தாய்.

அதற்கப்புறம் ஆறு தீபாவளி போயிற்று. ஒவ்வொரு சீசனிலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நாம் ஒன்றாக எண்ணெய்ப் புரோட்டா தின்றுகொண்டிருக்கும்போது நினைப்பேன். நோயாளிக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததை நீயே இன்னொன்று கேட்டு வாங்குவாய். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதைக் கேலி செய்வேன். மாசியில் ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டிருந்தவன் பாதிக் கன்னத்தில் நுரையோடு சரிந்தாய். ஊரார் நெஞ்சையெல்லாம் கேட்டவன் உன் நெஞ்சைக் கேட்கவில்லை.

உன் வீட்டம்மா அந்த மெத்தை அட்டை டைரியை என்னிடம் கொடுத்தார்கள். "இந்தக் கோழிக் கிறுக்கல் உங்களுக்குத்தாண்ணே புரியும்." கடைசியாக எழுதிய கேஸ் சோலையம்மாளுடையது. அதற்குப் பின் எல்லாப் பக்கமும் வெள்ளை. அவள் முதல்முறை வந்த நாளிலேயே எழுதியிருக்கிறாய்: 'பேரியம்? பட்டாசு வேலையா, கேட்க வேண்டும்.' பேரியம் என்பது பச்சை உப்பின் படித்த பெயர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன்மேல் ஒரு கோடு அடித்திருக்கிறாய். கீழே: 'கேட்டேன். இல்லை, காலண்டர். நம்ம பய சொன்னான். நம்பலாம்.'

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாய், லே. நான்தான் அதன்மேல் கோடு அடிக்கவைத்தேன்.

அந்த டைரி இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. உன் நாற்காலியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. நல்ல பெண், கேள்வி கேட்கிறாள். 'தொழில்' கட்டம் இன்னும் என் கையில்தான். போன செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்தாள். கால் அசதி, படி ஏற முடியவில்லை என்றாள்.

"என்ன வேலை தாயி?"

"காலண்டர், அண்ணாச்சி."

பேனாவை மூடினேன். இப்போதெல்லாம் அந்த வார்த்தை வந்தால் என் வாயில் தானாக வருகிற கேள்வியைக் கேட்டேன். "வீட்டுல எத்தனை சல்லடை இருக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சார் ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் சிஸ்டர். ஆறு வருடமாக நான் போடுகிற பைத்தியக்கார ஜோக் இது என்று ஆஸ்பத்திரியே நினைக்கிறது. நீயும் அப்படித்தான் நினைத்தாய். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணுதான்."

எழுந்து அவளை உன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைச் சாத்தினேன். "பயப்படாத தாயி. இது இந்த அறையைத் தாண்டாது" என்றேன். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். சீட்டை மேஜைமேல் வைத்து, டாக்டரம்மாவின் கண்ணெதிரே, அந்தக் கட்டத்தில் 'பட்டாசு' என்று எழுதினேன். சின்னக் கட்டம்தான். எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது.